ஒரே எண்ணுள்ளவர்கள்

மழை பிடித்துக்கொண்டால் அந்த வீட்டில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. வெயில் நாளில் துணியை ஒருமுறை சுற்றவிட்டுக் கொடியில் போடுகிறவர்கள், மழை வந்ததும் இரண்டு முறை, மூன்று முறை சுற்றவிடுவார்கள். சுற்றச் சுற்ற பெல்ட் தேயும், பேரிங் முனகும், பம்பில் சட்டைப் பொத்தான் போய் உட்காரும். உடனே தொலைபேசி அடிக்கும்.

அது வாஷிங்மெஷின் மெக்கானிக்கின் வீடு. முன்னறைதான் பட்டறை. பின்னால் சமையலறையும் படுக்கையறைகளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை. பழுதுபார்த்த மெஷின்கள் நடையின் ஒரு பக்கமும், பார்க்க வேண்டியவை மறுபக்கமும் நிற்கும். அவற்றின் இடுக்கில் ஒரு மேசை. மேசைமேல் மூடிப்போன டியூஷன் சென்டரிலிருந்து வாங்கிய பழைய கம்ப்யூட்டரும் ஒரு தொலைபேசியும். முன்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தவள் எழுந்து வர வேண்டுமானால் வயிற்றை எக்கி, ஒருக்களித்துத்தான் வர வேண்டும். சன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு எரியும். மழைநாளில் தலைக்கு மேலே ஈரத்துணி வேறு தொங்கும்.

அந்த நாற்காலி மெக்கானிக்கின் மூத்த மகளுடையது. வீட்டில் அவள் பெரியவள். போனில் பேசுகிறவர்களுக்குப் பெரிய பொண்ணு.

"சொல்லுங்க. தண்ணி வெளிய போகலையா? பம்ப் புதுசா மாட்டினதுதானே அது. உங்க வீட்டுக்காரர் சட்டைப் பைல ஆணி இருந்துதா பாத்தீங்களா? தச்சு வேலைக்காரர் சட்டைய அப்படியே போடக் கூடாதுனு அன்னைக்கே சொன்னேனே. போய்ப் பாத்துட்டு வாங்க, லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் எதையோ தூக்கும் சத்தம். பிறகு வெட்கப்பட்ட ஒரு சிரிப்பு.

"இருந்துதா? அப்ப ஆள் வர வேண்டாம். கீழ ஒரு சின்ன மூடி இருக்கும், துணிய வெச்சுக்கிட்டு மெதுவா திருகுங்க."

இப்படிப் பாதி வேலை அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடும். யார் வீட்டில் எந்த மெஷின், எந்த மாடி, எந்தக் கோளாறு என்பதெல்லாம் அவளுடைய செல்ஃபோனில் இருந்தது. ஆட்களின் பெயரில் இருக்காது. 'அடிக்கடி கூப்பிடுறவர்' என்று ஒன்று. 'தச்சர் வீடு பாக்கெட்ல ஆணி' என்று ஒன்று. 'நாய் இருக்கு சொல்லிட்டுப் போகணும்' என்று ஒன்று. 'மூணாவது மாடி லிஃப்ட் பொய்' என்று ஒன்று. 'வாடகை வீடு ஓனருக்குத் தெரியக் கூடாது' என்று இன்னொன்று.

படிப்பு முடிந்த கையோடு அவளை அங்கே உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. மெக்கானிக்குக்குக் குனிந்தால் நிமிராத முதுகு. தம்பி படித்து முடிக்கட்டும் என்றார்கள்; முடித்தான். தொழில் பழகட்டும் என்றார்கள்; பழகினான். அவனுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும் என்றார்கள், அதுவும் ஆயிற்று. மருமகள் வீடு பழகட்டும் என்று இப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடையில் பெரியவளுக்கும் சம்பந்தம் பேச வந்தார்கள். வந்த அம்மாள் பேச்சுவாக்கில், தங்கள் வீட்டு மெஷினின் மூடி திறக்க மாட்டேன் என்கிறது என்று சொல்ல, பெரியவள் உட்கார்ந்த இடத்திலேயே வழி சொல்லித் திறக்கவைத்துவிட்டாள். சம்பந்தம் அமையவில்லை, வாடிக்கை அமைந்தது.

சென்ற மாதம் உதிரிபாகம் வாங்கிவரப் போகிறேன் என்று வெளியூர் பஸ் ஏறியவள், பேரிங்கோடு ஒரு வேலையையும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். மருந்துக் கிடங்கில் வேலை. தங்குவதற்குப் பெண்கள் விடுதி. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

"அங்க என்னடி வேலை?" என்றாள் அம்மா.

"பெட்டி வரும். ஒட்டியிருக்கிற சீட்டைப் பாத்து அதோட இடத்துல வெக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பெட்டி எதுவும் 'எப்ப வருவீங்க'னு கேக்காது."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டில் வைத்தார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நிபந்தனை போடுகிற ஆள்.

"போ. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா உன் ஃபோன்ல இருக்கிறதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஏறணும். தட்டினா ஆள் வரணும். மருமக பாத்துப் பேசணும். அது நடந்துதுன்னா தாராளமா போ."

"தம்பி ஃபோன்ல ஏத்திட்டுப் போறேனே."

"அவன் ஃபோனா? தண்ணியில போடாத ஃபோன் அவன்கிட்ட இதுவரைக்கும் இருந்திருக்கா? ஃபோன் விழும். கம்ப்யூட்டர் விழுமா?"

சின்னவன் தலையைச் சொறிந்துகொண்டான். டிரம்முக்குள் குனியும்போது சட்டைப்பையிலிருந்து நழுவியவை எத்தனை என்று அவனே மறந்திருந்தான்.

சனிக்கிழமை காலை, பெரியவள் தன் ஃபோனிலிருந்த பெயர்களை எல்லாம் ஒரே கோப்பாக்கி, ஒயர் மாட்டிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். அதிலிருந்த முகவரிப் புத்தகத்தைத் திறந்து, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று காட்டினாள். பழைய கம்ப்யூட்டர். வட்டம் ஒன்று திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பெரியவளே, ஒரு கை குடு!" என்று பட்டறையிலிருந்து மெக்கானிக் கூப்பிட்டார். டிரம்மைக் கழற்றும்போது ஒருவர் அணைத்துப் பிடித்தால்தான் மற்றவர் அச்சைத் தட்ட முடியும்.

சமையலறை வாசலில் மருமகள் ஈரத்துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். கூட்டமாக எடுத்த படங்களில் கண் மூடியவர்களுக்குக் கண் திறந்துவைப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் அந்த வீட்டில் வேறு யாரையும்விட அவளுக்குத்தான் சொன்னபடி கேட்கும்.

"கொஞ்சம் வந்து உக்காரும்மா. ஏதாவது கேட்டுதுன்னா படிச்சுப் பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் எழுந்துபோனாள்.

டிரம் வெளியே வந்தது. அடியில் சோப்புப் பாசி களிமண்போல் அப்பியிருந்தது. பெரியவள் அதை அணைத்துப் பிடித்திருக்க, மெக்கானிக் மரக்கட்டையை வைத்துத் தட்டினார். தட்டிக்கொண்டே, "அங்க மழை அதிகமாமே" என்றார்.

"இங்க மட்டும் என்னவாம்?"

"இங்க நம்ம வீடு."

பேரிங் கழன்று தரையில் உருண்டது. கையைத் துடைத்துக்கொண்டு அவள் நடைக்கு வந்தபோது வட்டம் நின்றிருந்தது. முகவரிப் புத்தகத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

'அடிக்கடி கூப்பிடுறவர்.'

அதைத் தட்டினால் வரிசையாக எண்கள். இறங்க இறங்க எண்கள். தச்சர் வீடு, பேக்கரி, நாய் இருக்கிற வீடு, லிஃப்ட் பொய் சொல்கிற வீடு, எல்லாம் அந்த ஒருவருக்குள் போய்விட்டிருந்தன.

வீடே நடையில் வந்து நின்றது. நிற்க இடமில்லாமல் சின்னவன் ஒரு மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"என்னம்மா இது, ஊர்ல எல்லாரும் ஒரே ஆளா?" என்றார் மெக்கானிக்.

"இதுல என்ன தப்பு? எல்லாரும் ஒரே மாதிரிதானே கத்துறாங்க" என்றாள் அம்மா.

"பேரு சரியாத்தான் விழுந்திருக்குக்கா" என்று சின்னவன் சிரித்தான். மருமகள் மட்டும் சிரிக்காமல், மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அதை அழித்தாள். மத்தியானம் மறுபடி ஏற்ற உட்கார்ந்தாள். பாதியில், "நான் பாத்துக்கறேன் அண்ணி. தலையெல்லாம் பாசி, நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க" என்றாள் மருமகள். அவள் குளித்துவிட்டு வந்தபோது அதே ஒரே ஆள், அதே எண்கள்.

சாயங்காலம் மெக்கானிக் டீ டம்ளரோடு வந்து நின்று திரையைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் பெரியவளுக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"ஒத்துவரலன்னா விட்டுரும்மா. கம்ப்யூட்டர் செய்யல, நீ என்ன பண்ணுவ? மழை முடியட்டும். கிடங்குக்காரங்ககிட்ட அப்பாவே பேசறேன்."

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

"கோவிச்சுக்காத. உன் நல்லதுக்குத்தான்."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வழியில் அவர் நின்றிருந்தார். அவர் நகர்ந்த பிறகுதான் அவளால் எழ முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விடாமல் ஊற்றியது. காலையிலேயே பெரியவள் கம்ப்யூட்டர் விற்றவரைக் கூப்பிட்டாள். அவர் பழைய கம்ப்யூட்டர்களைத் தட்டிக்கொட்டி விற்கிறவர். இரண்டு பேச்சுக்கு ஒரு கொட்டாவி விடுவார்.

"எல்லாருக்கும் ஒரே நம்பர் ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு. எங்க வீட்டு நம்பர்."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் எதுக்கும்மா உங்க வீட்டு நம்பரு?"

அதற்கு ஒரு கதை இருந்தது. வீட்டுக்கு ஒரே செல்ஃபோன் இருந்த காலத்தில் சின்னவன் அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தான். எடுத்த புண்ணியவான் திருப்பிக் கொடுக்க நினைத்து ஒவ்வொரு பெயராக அழுத்தினான். 'நாய் இருக்கு' வீட்டில் யார் என்று தெரியாமல் திட்டினார்கள். 'ஓனருக்குத் தெரியக் கூடாது' வீட்டில் பயந்துபோய் வைத்துவிட்டார்கள். கடைசியில் பேக்கரிக்காரம்மாதான் அடையாளம் கண்டு வாங்கிவைத்தாள். அன்றைக்கு மெக்கானிக் ஓர் உத்தரவு போட்டார்: இனி எந்தப் பேரை அழுத்தினாலும் மணி நம் வீட்டில்தான் அடிக்க வேண்டும். பெரியவள் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் முதல் எண்ணாக வீட்டு எண்ணைப் போட்டுவைத்தாள். அதன்பின் கொஞ்ச காலம் சின்னவன் வாடிக்கையாளர்களைக் கூப்பிடும்போதெல்லாம் வீட்டில் மணி அடித்தது. "ஹலோ, உங்க மெஷின் ரெடிங்க" என்பான். "இன்னும் இல்ல சார், எங்க தம்பி ஒரு சோம்பேறி" என்பாள் பெரியவள்.

கம்ப்யூட்டர்காரர் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்து, கொட்டாவியும் விட்டார்.

"அதான் விஷயம். ஒரே நம்பர் இருந்தா ஒரே ஆள்னு அது நெனச்சுக்கும். ஆனா கேக்குமேம்மா."

"என்ன கேக்கும்?"

"ஒரே எண் உள்ளவங்க இருக்காங்க, ஒண்ணாக்கவா, தனித்தனியா வெக்கவானு ஒரு பெட்டி வரும். நாம அழுத்தினாத்தான் போகும். அது பாட்டுக்குக் கேக்காம செஞ்சுடாது."

பெரியவள் ரிசீவரை வைத்தாள். சமையலறையில் மருமகள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா பின்கட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் போய் மருமகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

"பெட்டி வந்துதா?"

மருமகள் நிமிரவில்லை. "வந்துது."

"படிச்சியா?"

"படிச்சேன் அண்ணி."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

வெங்காயச் சருகு இரண்டு பேருக்கும் நடுவில் சேர்ந்துகொண்டிருந்தது.

"நான் என்ன பாவம் பண்ணினேன் உனக்கு?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. இந்த வீட்ல எங்கிட்ட சாப்டியானு கேக்கிறது நீங்க ஒருத்தர்தான்." அவள் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "ஸ்டுடியோக்காரர் என் எடத்தை இந்த மாசம் வரைக்கும் வெச்சிருக்கார். கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க தம்பிகிட்ட சொல்லித்தான் கழுத்தை நீட்டினேன். சரி, போகலாம்னு சொன்னார். போன வாரம் எப்பங்க போறதுனு கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"'அக்கா இருக்கிற வரைக்கும் ஒனக்கென்ன, எப்ப வேணா போ'ன்னார். நீங்க இருந்தாத்தான் நான் போக முடியும் அண்ணி. நீங்க போயிட்டா அந்த நாற்காலி எனக்கு."

பெரியவள் வாயைத் திறந்தாள். கொஞ்ச நாளைக்குத்தானே என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை உணர்ந்து அவளுக்கே உடம்பு கூசியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க நின்னுடுவீங்களா?"

பெரியவள் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"மாட்டேன்" என்றாள் பெரியவள்.

"தெரியும். நானா இருந்தாலும் மாட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் பேச்சை எடுத்தாள். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஃபோன் எடுக்க வெளியில ஒரு ஆள் வைங்க."

"எதுக்கு? வீட்ல இத்தனை பேர் குத்துக்கல் மாதிரி இருக்கோமே."

"அப்ப நீங்க எடுங்க."

"கையெல்லாம் கிரீஸ். எடுத்து என்ன பேச? நீ பேசற மாதிரி வருமா எனக்கு?"

"அம்மா எடுக்கட்டும்."

"நானா?" அம்மாவுக்குப் புரை ஏறியது. "போன தடவை எடுத்ததுக்கு அந்த வக்கீல் நம்ம பக்கமே வர்றதில்ல. நான் என்ன சொல்லிட்டேன்? கையால தோச்சா இடுப்புக்கு நல்லதுனு சொன்னேன். நல்லது சொன்னா பிடிக்காது."

"தம்பி ஃபோனுக்கே எல்லாத்தையும் திருப்பி விட்ருவோம்."

"அக்கா, நான் ஒரு வீட்ல டிரம்முக்குள்ள தலைய விட்டிருக்கும்போது இன்னொருத்தன் கூப்பிட்டா எப்படி எடுக்கறது? காதை மட்டும் வெளிய வெச்சுக்கட்டுமா?"

மெக்கானிக் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான் முடியும். யாரும் மறுத்த மாதிரி இருக்காது. ஒன்றும் நடந்தும் இருக்காது.

பெரியவள் தம்பியை நேராகப் பார்த்தாள். "ஸ்டுடியோ விஷயம் என்னடா ஆச்சு?"

சின்னவனின் கை தட்டிலேயே நின்றது.

"எந்த ஸ்டுடியோ?" என்றார் மெக்கானிக்.

அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் மகன் கொடுத்த வாக்கு இந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை என்பது அப்போதுதான் பெரியவளுக்குப் புரிந்தது. சின்னவன் மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"சொல்லுடா" என்றாள் பெரியவள்.

"அது... மழை முடியட்டும்னு..."

"என்னடா மழை? யாருக்கு என்ன ஸ்டுடியோ?" மெக்கானிக்கின் குரல் உயரவில்லை. கை பிசைவதை நிறுத்தியிருந்தது.

மருமகள் கரண்டியோடு குனிந்தாள். "ஒண்ணுமில்ல மாமா. முன்னாடி வேலை செஞ்ச எடம். அண்ணி சும்மா கேக்கிறாங்க. இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டா?"

"வெய்யி" என்றார் அவர்.

சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். மழை இரைச்சலில் மெக்கானிக்கின் குறட்டை ஏறி இறங்கியது. பெரியவள் நடைக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். 'அடிக்கடி கூப்பிடுறவ'ரை அழித்தாள். கோப்பைக் காட்டினாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. மருமகள் பாத்திரம் கழுவிய கையோடு வந்து பின்னால் நின்றது, கண்ணாடி வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன? அவன் வாயால வரட்டும்னுதானே கேட்டேன்."

"வந்திருக்காது அண்ணி. வராத பேச்சுக்காக நீங்க பஸ்ஸைப் பிடிக்க முடியாம போயிருக்கும். சண்டை மட்டும் எனக்கு மிஞ்சியிருக்கும்."

"அங்க போனதும் அவன்கிட்ட நான் பேசறேன். தினம் பேசறேன்."

"பேசுங்க. நான்தான் ஃபோன் எடுப்பேன்."

சொல்லிவிட்டு மருமகள் சிரித்தாள். பெரியவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி சிரித்தார்கள். நிறுத்த முடியாமல் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

வட்டம் நின்றது. பெட்டி வந்தது. ஒரே எண் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒன்றாக்கவா? தனித்தனியாக வைக்கவா?

பெரியவள் மவுஸைத் தள்ளிவைத்தாள். "நீ அழுத்து. எதை அழுத்தினாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒண்ணாக்கினாலும் சரி, எனக்கு விதிச்சது அவ்வளவுதான்னு இருந்துடறேன்."

மருமகள் ஓர் அடி பின்னால் போனாள். அங்கே நின்ற மெஷினில் முதுகு இடித்தது.

"வேண்டாம். ரெண்டு தடவை திருட்டுத்தனமா செஞ்சேன், அது என்னோட பாவம். இதை என் தலையில வெக்காதீங்க. போறவங்க நீங்க. நீங்களே அழுத்துங்க."

மேலே தொங்கிய துணியிலிருந்து ஒரு சொட்டு விசைப்பலகையில் விழுந்தது. பெரியவள் அதை விரலால் துடைத்தாள். பெட்டி போகாமல் நின்றது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. மழை முடியும்வரை வேண்டுமானாலும் நிற்கும். அவளுக்கு விடுதி அறையின் நினைவு வந்தது. அவள் அதைப் பார்த்ததுகூட இல்லை. ஒரு கட்டில், ஒரு சன்னல் இருக்கும் என்று தானே வைத்துக்கொண்டிருந்தாள்.

தனித்தனியாக என்பதை அழுத்தினாள்.

பெயர்கள் வரத் தொடங்கின. அடிக்கடி கூப்பிடுறவர் முதலில் வந்தார். இப்போது அவருக்கு அவருடைய எண்ணும் வீட்டு எண்ணும் மட்டும் இருந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக மற்றவர்கள் வந்து நின்றார்கள். தச்சர், நாய், பேக்கரி, வாடகை வீடு, மூணாவது மாடி. பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் தோளில் அழுந்தியது. ஆறுதலா, பிடிமானமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

சாயங்காலம் மெக்கானிக் பரீட்சை வைத்தார். மருமகளை நாற்காலியில் உட்காரவைத்து, தான் மெஷின்மேல் சாய்ந்துகொண்டார்.

"தச்சர்."

மருமகள் தட்டினாள். "பாக்கெட்ல ஆணி, மாமா."

"மூணாவது மாடி."

"லிஃப்ட் கிடையாது. சாமான் கம்மியா எடுத்துட்டுப் போகணும்."

"வக்கீல்."

"அத்தைகிட்ட ஃபோனைக் குடுக்கக் கூடாதுனு போட்டிருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெயர்களெல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் போட்ட நிபந்தனையில் ஒரு குறையும் இல்லை.

"ஏறிடுச்சு" என்றார், பெரியவளைப் பார்த்து. "சரி. போயிட்டு வாம்மா." கொஞ்சம் பொறுத்து, "இவ சீக்கிரம் பழகிட்டா. பரவாயில்ல, நல்ல கை" என்றார்.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. அம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டி, பையின் மேல்வாயில் திணித்தாள். பஸ்ஸில் மோந்து பார்க்காமல் எதையும் வாங்கித் தின்னாதே என்றாள். பெண்கள் விடுதியில் பல்லி இருந்தால் கத்தாதே, புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். மெக்கானிக் பட்டறைக் கதவை முழுதாகத் திறந்துவைத்துவிட்டு, ஒரு பழைய மோட்டாரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் சின்னவன் வண்டியைக் கிளப்பி நின்றான். மருமகள் இன்னும் வெளியே வரவில்லை.

பெரியவள் பையை முன்னறையில் வைத்துவிட்டு நடைக்குள் போனாள். மருமகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, முகம் கழுவி, திரையைப் போட்டுவைத்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வரேன்மா."

"ம்."

"முதுகு வலிச்சா தலையணை வெச்சுக்கோ. அந்த நாற்காலி ஒரு பக்கமா எறங்கியிருக்கும்."

"தெரிஞ்சுது அண்ணி."

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பெரியவள் நின்றாள். அதற்குள் தொலைபேசி அடித்தது. அவள் கை தானாக நீண்டது. மருமகளின் கை அதற்கு முன் போய் ரிசீவரை எடுத்துவிட்டது. அந்தப் பக்கம் பேக்கரிக்காரம்மா. மாவு பிசையும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை; நடை முழுவதும் கேட்டது.

"யாரு, பெரிய பொண்ணா?"

மருமகள் பெரியவளைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஆமாங்க. பெரிய பொண்ணுதான் பேசுறேன். சொல்லுங்க."

பேக்கரிக்காரம்மா சொல்லத் தொடங்கினாள். மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாசலில் சின்னவன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.